அடுக்கடுக்காய் நல்ல காரியங்கள்

வணக்கமுங்க,

காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வருகிற தை பிறந்தால் பங்குனி முடியும்வரை எங்கள் வீட்டில் மூச்சுவிட நேரமிருக்காது. தைப்பூசத்துக்கு வீட்டுக்காரர் பழனிக்கு நடந்து போகிறார். தை கடைசியில் என் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்கிற இணைச்சீரை நான்தான் செய்ய வேண்டும். மாசி முதல் வாரம் எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், அதில் ஒரு வேளை அன்னதானம் எங்கள் பங்காளிகள் பொறுப்பு. மார்ச்சில் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. பங்குனியில் கொடுமுடியில் மாமனாருக்கு எழுபதாம் கல்யாணம்.

எல்லாமே வேண்டிக் காத்திருந்த காரியங்கள்தான். ஆனால் மனசு சந்தோஷப்படாமல், 'இது எப்ப முடியும், அடுத்தது என்ன' என்றே கணக்குப் போடுகிறது. போன வருஷம் நாத்தனார் மகள் பெரியவளான தெரட்டி விசேஷத்தில் சீர் நடந்தபோது நான் சமையல்கட்டில் நின்றிருந்தேன். சீரைப் போட்டோவில்தான் பார்த்தேன். இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கோயில் காரியத்தில்கூட மனசு ஒட்டவில்லை என்றால் அது பாவமில்லைங்களா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

பாவமில்லை. முதலில் அந்த எண்ணத்தை எடுத்துப் போட்டுவிடுங்கள். மூன்று ராத்திரி சரியாகத் தூங்காத உடம்போடு சாமி முன்னால் நின்றால் யாருக்கும் கண்தான் இருட்டும்.

நம் பக்கம் தையிலிருந்து பங்குனி வரை இந்த நெருக்கம் எப்போதும் உள்ளது. மார்கழியில் கல்யாணம் காட்சி வைப்பதில்லை என்பதால் தேங்கி நின்ற முகூர்த்தமெல்லாம் தை பிறந்ததும் ஒன்றாக வருகிறது. வெள்ளாமை வீடு வந்து கையில் காசு புழங்கும் காலமும் அதுதான். சிவன்மலைத் தேர், சென்னிமலைத் தேர், ஊருக்கு ஊர் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழா, பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தக் காவடி என்று சாமி காரியங்களும் இதற்குள்ளேயே வருகின்றன. முன்பு இத்தனையையும் ஒரு வீடு தாங்கியது என்றால், ஒவ்வொரு வேலைக்கும் உரிமைப்பட்ட ஆள் இருந்ததால்தான். சீர் நடத்த அருமைக்காரர், பந்தலுக்குப் பங்காளிகள், சீர்த்தட்டுக்கு மாமன் வீடு. இன்று மண்டபம், கேட்டரிங், டெக்கரேஷன் என்று வேலை வெளியே போய்விட்டது. ஆனால் அவர்கள் எல்லோரும் கூப்பிடுகிற போன் நம்பர் உங்களுடையது. தெரட்டியன்று நீங்கள் சமையல்கட்டில் நின்றது சமைப்பதற்காக இருக்காது. 'இன்னும் எத்தனை பந்திங்க' என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே வேறு ஆள் இருந்திருக்க மாட்டார்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு காரியத்திலும் உங்களுக்கென்று ஒரே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது நடக்கும் நேரம் உங்கள் கையில் போனும் இருக்கக் கூடாது, சாவியும் இருக்கக் கூடாது. மிச்சத்தை ஆள் பேர் சொல்லி ஒப்படையுங்கள். 'எல்லாரும் சேர்ந்து பாத்துக்குங்க' என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கார்த்திகையிலேயே எழுதினீர்கள், நல்லது. ஒரு தாளில் நகர்த்த முடியாதவற்றை மட்டும் முதலில் எழுதுங்கள்: முகூர்த்தம், யாகசாலை நாட்கள், பரீட்சை, மாமனாரின் பிறந்த மாதத்து நட்சத்திரம். இதில் பலர் கோட்டைவிடுவது பிளஸ் டூ செய்முறைத் தேர்வை. எழுத்துத் தேர்வு மார்ச்சில்தானே என்று இருந்துவிடுவார்கள். செய்முறை பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், உங்கள் கல்யாணமும் கும்பாபிஷேகமும் இருக்கிற அதே நாட்களில். பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்து, மார்கழிக்குள்ளேயே முடித்துவிடக்கூடியவை. ஜாக்கெட் துணியை மார்கழி பிறப்பதற்கு முன்பே தையற்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். தை முகூர்த்த நெருக்கத்தில் அளவு தவறினால் பிரித்துத் தைக்க அவருக்கு நேரம் இருக்காது. பத்திரிகையை நேரில் போய் வைப்பது நம் வழக்கம், அதை விட வேண்டாம். திசை பிரித்துப் போங்கள். வெள்ளகோவில், மூலனூர் ஒரு நாள். சென்னிமலை, பெருந்துறை ஒரு நாள். தம்பி கல்யாணப் பத்திரிகையையும் கோயில் அழைப்பையும் ஒரே பையில் வைத்துக்கொண்டால் ஒரே ஊருக்கு இரண்டு தடவை போக வேண்டியதில்லை. ரிட்டர்ன் கிஃப்ட், எழுபதாம் கல்யாணத்துக்குத் தனி ரிசப்ஷன் போன்றவற்றைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். அவற்றை யாரும் தேட மாட்டார்கள்.

கல்யாணத்தில் உங்கள் பங்கு இணைச்சீர். பேழைமூடியும் கூறைச்சேலையுமாகத் தம்பி பக்கத்தில் நிற்கிற அந்த நேரம், கூடப் பிறந்தவளுக்கென்றே வைத்த சீர். அதை நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையாக நினைத்தால் முடிந்தும் போகும், ஒன்றும் மனசில் நிற்காது. பத்து நாள் முன்னால் அருமைக்காரரைப் பார்த்து, என்னென்ன சாமான் வேண்டும், எந்தச் சீருக்கு அப்புறம் எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் (குலத்துக்குக் குலம்) முறை மாறும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பார்த்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது. சீர்ச் சாமான்களைத் தனியாக ஒரு பையில் போட்டு, விவரம் தெரிந்த ஒரு சித்தியிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஆளை ஓடவைப்பது அருகம்புல்லும் வெற்றிலையும்தான். முதல் நாளே பறித்து பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வேர்த்து அழுகிவிடும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள்.

மங்கல வாழ்த்துப் பாடும்போது மண்டபத்து ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்கள். இதை முன்கூட்டியே லைட் மியூசிக்காரரிடமும் போட்டோகிராபரிடமும் சொல்லி வைக்க வேண்டும். கல்யாணச் சீர்களையே வரிசையாகச் சொல்கிற வாழ்த்து அது. சினிமாப் பாட்டுச் சத்தத்தில் அது அமுங்கிப்போவது எனக்குத் தாங்காது. உங்கள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இப்போது எது பாடுகிறார்கள் என்று சொல்லிக்கொடுங்கள்.

மொய் எழுத இரண்டு பேர், ஒருவர் எழுத, ஒருவர் எண்ண. ஊர்ப் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள், ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள்.

இன்னொன்று சாப்பாடு. வீட்டு ஆட்கள் முதல் பந்தியில் உட்காருவது மரியாதையில்லை என்று நின்று, கடைசியில் மூன்று மணிக்குச் சாப்பிட்டால் தலைவலியோடுதான் அன்றைய நாள் முடியும். முகூர்த்தத்துக்கு முன்பே உள்வீட்டு ஆட்களுக்கென்று பதினைந்து இருபது இட்லி தனியாக எடுத்து வைக்கச் சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாட்களில் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்து தங்குவார்கள். அப்போது மூன்று பொரியல், இரண்டு குழம்பு என்று இறங்காதீர்கள். அரிசிம்பருப்புச் சாதம் போதும். இருபது பேருக்கு 2 கிலோ புழுங்கல் அரிசி, அரை கிலோ துவரம்பருப்பு, அரை கிலோ சின்ன வெங்காயம், அரை கிலோ தக்காளி, 100 கிராம் பூண்டு. அரிசியையும் பருப்பையும் தனித்தனியாக அரை மணி நேரம் ஊறவையுங்கள். கடலெண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு அதே படியால் மூன்று பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் உப்பும் பருப்பும் போட்டு, பத்து நிமிஷம் கழித்து அரிசியைப் போட வேண்டும். பெரிய அண்டாவில் அடிப்பிடிப்பது பருப்பு கீழே இறங்கி உட்கார்வதால்தான். மறுபடி கொதி வரும்வரை அடிவரை கிளறுங்கள். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு வற்றியதும் அண்டாவுக்கு அடியில் ஒரு தோசைக்கல்லை வைத்து, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கரண்டியை உள்ளே விடக் கூடாது. அப்போது கிளறினால் களியாகிவிடும். ஆறினால் இறுகும், பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் இருக்கட்டும். நெய், தயிர், ஊறுகாய், அப்பளம். பவானி ஜமுக்காளத்தை விரித்து எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், நீங்களும் சேர்த்து.

வீட்டுக்காரர் நடைக்கு வருகிறேன். காங்கேயத்திலிருந்து தாராபுரம் வழியாகப் பழனி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் கால் கொப்புளத்தோடு வந்து நின்றால் எல்லோருக்கும் சிரமம். கொப்புளம் வருவது ஈரமும் உராய்வும் சேர்வதால். செருப்புப் போடுகிறவர் புதுச் செருப்பில் கிளம்பக் கூடாது. விரலிடுக்கில் வாசலின் தடவி, காய்ந்த காட்டன் சாக்ஸ் மாற்ற வேண்டும். வந்துவிட்டால் தோலைக் கிள்ளி எடுக்க வேண்டாம். வெறுங்காலில் நடப்பவர் விடியுமுன் கிளம்பி, தார்ரோடு சுடுவதற்குள் நிழலில் ஒதுங்கிவிட வேண்டும். குடிக்க ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இத்தனை தூரம் என்று வேண்டியிருக்காவிட்டால் தாராபுரத்திலிருந்து நடந்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான்.

கும்பாபிஷேகத்தில் உங்கள் பங்கு முளைப்பாரியாக இருக்கட்டும். மகளுக்கும் அதில் இடம் உண்டு. காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம், படிப்பு கெடாது. ஊர்வலத்துக்கு ஒன்பது நாள் முன்னால் தொடங்குங்கள். தட்டப்பயறு, பாசிப்பயறு, கம்பு, சோளம் இவற்றை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு ராத்திரி கட்டிவையுங்கள். அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் மண்ணும் காய்ந்த சாணித்தூளும் கலந்து பரப்பி, முளைவிட்டதை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாகச் சாணித்தூள் போட்டு இருட்டறையில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சையாகக் குட்டையாக நின்றுவிடும்; இருட்டில்தான் வெளிர்மஞ்சளாக நீண்டு வரும். தண்ணீரைக் கையால் தெளிக்க மட்டும் செய்யுங்கள். ஊற்றினால் நாலாம் நாளே அழுகல் வாடை வந்துவிடும். மொச்சையைக் கலக்க வேண்டாம், முளைக்கும்போது மண்ணையே தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பதைச் சாய்க்கும்.

அன்னதானத்தைப் பங்காளிகள் பார்க்கட்டும். நூறு பேருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ அரிசி என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வரும், ஆனால் பயந்து மொத்தமாகச் சமைத்துவிட்டால் மாலையில் வீணாகும். கடைசி உலைக்கான அரிசியைச் சமைக்காமல் தனியே வைத்து, பந்தி பார்த்து உலையில் போடலாம்.

பரீட்சைக் காலத்தில் மகளுக்கு ஒரு அறை, ஒறம்பரைக்கு மற்ற இடம். அந்த அறையில் சீர்த்தட்டும் பாத்திரமும் அடுக்காதீர்கள். மாமன் கல்யாணத்துக்குப் போகாதே என்று அவளைத் தடுக்கவும் வேண்டாம்.

எழுபதாம் கல்யாணத்தில் கவனிக்க வேண்டியது மாமனாரின் உடம்பு. விடிகாலையில் ஹோமப் புகையில் நெடுநேரம் உட்கார்ந்து, பிறகு கலச நீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றும்போது வயசானவர்களுக்கு நடுக்கம் எடுக்கும். கலச நீர் போகச் சொந்தபந்தம் ஊற்றுகிற குடங்களிலாவது வெதுவெதுப்பான தண்ணீர் கலக்கலாமா என்று குருக்களிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். காய்ந்த துண்டு, மாற்று வேஷ்டி சேலை, பிரஷர் மாத்திரை மூன்றையும் ஒரே ஆள் கையில் வைத்திருக்கட்டும்.

சாமி முன்னால் மனசு ஒட்டவில்லை என்று எழுதினீர்களே, அதற்கும் வழி இருக்கிறது. கும்பாபிஷேகத்தன்று கூட்டத்தில் நீங்கள் பார்ப்பது கோபுரக் கலசத்தையும் முன்னால் நிற்பவர் தலையையும்தான். அதன்பின் 48 நாள் மண்டல பூஜை நடக்கும். மாசி முதல் வாரத்திலிருந்து எண்ணினால் பங்குனி மூன்றாம் வாரம்வரை வருகிறது. மகளின் கடைசிப் பரீட்சை அதற்குள் முடிந்துவிடும். அந்த வாரத்தில் கூட்டம் சேருகிற ஞாயிறு, செவ்வாய், வெள்ளி, அமாவாசை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். பூஜை எத்தனை மணிக்கு என்று முதல் நாளே பூசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரை லிட்டர் நல்லெண்ணெய், இரண்டு முழம் பூ, ஒரு தேங்காய் போதும். அன்றைக்கு வேறு எந்தச் சோலியும் வைத்துக்கொள்ளாதீர்கள்.