ஐந்து நாளில் சர்வர் கற்க முடியுமா? – கேள்வி பதில்

நெட்வொர்க், சர்வர் நிர்வாகத்துக்கான குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றி சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஹெல்ப்டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்தவரும் உண்டு, ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பும் மேலாளரும் உண்டு. பெரிய நிறுவனத்தின் டேட்டா சென்டரிலும், சின்ன அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வரை வைத்துக்கொண்டும் வேலை செய்தவன் நான். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அண்ணே, நான் ஹெல்ப்டெஸ்க். பாஸ்வேர்டு ரீசெட், பிரிண்டர், புது லேப்டாப், இதுதான் தினமும். ஐந்து நாள் சர்வர் கோர்ஸ் ஒன்றைப் பார்த்தேன். முடித்தால் அட்மின் ஆகிவிடலாமா?

தம்பி, ஐந்து நாளில் அட்மின் ஆக முடியாது. ஆனால் அட்மின் என்ன செய்கிறார், ஏன் அப்படிச் செய்கிறார் என்று புரியும் அளவுக்கு வந்துவிடலாம். சரியான கோர்ஸாக இருந்தால் அதற்கே அந்த ஐந்து நாள் தகும்.

சரியானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்டும் முன் போன் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி லேப் மெஷின் உண்டா, இல்லை இரண்டு பேருக்கு ஒன்றா? மொத்த நேரத்தில் எவ்வளவு கைப்பயிற்சி? வேண்டுமென்றே ஒரு சர்வரைக் கெடுத்துவைத்துவிட்டு, உங்களைச் சரிசெய்யச் சொல்வார்களா? பேக்கப் எடுப்பதோடு, அதிலிருந்து மீட்பதையும் செய்யவைப்பார்களா? கடைசி இரண்டுக்கும் "இல்லை" என்றால் அந்த கோர்ஸ் வேண்டாம். படிப்படியாக இன்ஸ்டால் செய்வதை வீடியோ பார்த்தே கற்கலாம். ஒன்று வேலை செய்யாமல் நிற்கும்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதைத்தான் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும்.

இன்னொன்று. ஹெல்ப்டெஸ்க் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். ஒருவரின் கணக்கு அடிக்கடி லாக் ஆகிறது என்றால் அன்லாக் செய்துவிட்டுப் போகாமல், டொமைன் கண்ட்ரோலரின் (அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) செக்யூரிட்டி லாகில் (நடந்தவற்றின் பதிவேடு) 4740 என்ற எண்ணுள்ள பதிவைக் காட்டும்படி உங்கள் அட்மினிடம் கேளுங்கள். எந்த மெஷினிலிருந்து லாக் ஆனது என்று அதில் இருக்கும். பெரும்பாலும் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கும் கைப்பேசியோ, யாரோ மறந்துபோன ரிமோட் செஷனோதான் காரணமாக இருக்கும். அதைக் கண்டுபிடித்த நாளிலேயே நீங்கள் சர்வர் வேலைக்குள் வந்துவிட்டீர்கள்.

கோர்ஸ் கட்டணம் அதிகமாக இருக்கிறது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தைப் பயன்படுத்தலாமா? நான் நிரந்தரவாசி, என் நண்பர் எஸ் பாஸ் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி).

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட், அதாவது பயிற்சிக்கு அரசு தரும் தொகை, குடிமக்களுக்கு மட்டும். 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2016இல் தொடங்கிய 500 வெள்ளி காலாவதி ஆவதில்லை. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து 4,000 வெள்ளி கூடுதலாக உண்டு. ஆனால் அது தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கு மட்டும்தான். நிரந்தரவாசியான உங்களுக்கு கிரெடிட் இல்லை என்றாலும், அரசு மானியம் பெறும் டபிள்யூஎஸ்கியூ (சிங்கப்பூரின் தொழில்திறன் தகுதி முறை) பயிற்சிகளில் கட்டணம் குறையும். எஸ் பாஸ் நண்பர் பொதுவாக முழுக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். அவர் நிறுவனத்திடம் கேட்பதுதான் வழி. தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் என்டியுசியின் யூடாப் என்ற பயிற்சிக் கட்டண உதவியையும் பாருங்கள்.

கிரெடிட்டுக்கு வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வருகைப் பதிவும் கடைசி மதிப்பீடும் முக்கியம். அலுவலகத்தில் அவசரம் என்று பாதியில் எழுந்து போனால் மானியம் கைவிட்டுப் போகலாம்.

எங்களுடையது சிறு நிறுவனம். இரண்டு ஐடி பணியாளர்கள். இரண்டு நாளுக்கு மேல் விட முடியாது. அந்த இரண்டு நாளில் எதைச் சொல்லித்தரலாம்?

இந்தக் கேள்விக்கு நன்றி. பல நிறுவனங்களின் நிலை இதுதான். இரண்டு நாள் போதும், ஒரு நிபந்தனையுடன்: வெளியில் விற்கும் பாடத்திட்டத்தை அப்படியே எடுக்காமல், உங்கள் சர்வரில் நடப்பதையே பாடமாக்குங்கள்.

முதல் நாள் முழுக்க நெட்வொர்க். காலையில் ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள எண்) சப்நெட்டும் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி). சப்நெட்டின் அளவு ஸ்லாஷ் 24 என்றால் 254 மெஷின், ஸ்லாஷ் 26 என்றால் 62 மெஷின் என்பதை மனப்பாடம் செய்யாமல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு டிஹெச்சிபி, அதாவது கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாகக் குத்தகைக்குக் கொடுக்கும் சேவை. இதை வெறும் வரையறையாகச் சொல்லாதீர்கள். லேப்பில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கவையுங்கள். உடனே எதுவும் ஆகாது! விண்டோஸ் சர்வரில் குத்தகைக் காலம் வழக்கமாக 8 நாள். பாதிக் காலம் போனதும் கணினி புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டாலும் மீதிக் காலத்துக்குப் பழைய முகவரியை வைத்துக்கொள்ளும். அதனால் திங்கட்கிழமை செத்துப்போன டிஹெச்சிபியை அன்றைக்கு யாரும் கவனிக்க மாட்டார்கள். விடுப்பு முடிந்து வந்தவர் முதலில் புகார் செய்வார், அவருடைய மெஷினில் 169.254 என்று தொடங்கும், டிஹெச்சிபி கிடைக்காதபோது கணினி தானே வைத்துக்கொள்ளும் முகவரி இருக்கும். "ஒருவருக்கு மட்டும்தான் பிரச்சினை, அவர் லேப்டாப்பில்தான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த ஒரு பயிற்சியை நேரில் செய்தவர் அந்த முடிவுக்கு அவசரப்பட மாட்டார். மதியம் டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் சேவை. அதைப் பற்றிக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டாம் நாள் முழுக்க பேக்கப், மீட்பு. பேக்கப் பச்சை நிறத்தில் "வெற்றி" என்று காட்டுவதைப் பார்த்துத் திருப்தி அடையும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. முதலில் ஒரு கோப்பு, பிறகு ஒரு ஃபோல்டர் அதன் அனுமதிகளோடு, கடைசியில் முழு சர்வரையும் வேறொரு வெர்ச்சுவல் மெஷினில் (மென்பொருளால் உருவாக்கிய கணினி) மீட்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதச் சொல்லுங்கள். "சர்வர் போனால் எவ்வளவு நேரத்தில் திரும்பும்?" என்று முதலாளி கேட்டால் அந்த எண்ணைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை) இருக்கிறதே என்பார்கள். டிஸ்க் ஒன்று செத்தால் ரெய்டு காப்பாற்றும். கோப்பை யாராவது அழித்தாலோ பணம் பறிக்கும் தீம்பொருளான ரான்சம்வேர் பூட்டினாலோ எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அது நடந்திருக்கும். ஸ்னாப்ஷாட்டும் (ஒரு நொடியில் சர்வர் இருந்த நிலையின் பதிவு) அதே ஸ்டோரேஜில் இருக்கும் வரை பேக்கப் ஆகாது.

ஆக்டிவ் டைரக்டரி (கணக்கு நிர்வாகம்), குரூப் பாலிசி (கணினிகளுக்கான பொது அமைப்புகள்), மெயில் எல்லாவற்றையும் இரண்டு நாளில் திணிக்க ஆசை வரும். விட்டுவிடுங்கள். அடுத்த காலாண்டில் இன்னொரு நாள் கொடுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் சிலருக்குக் காலையில் லாகின் ஆகிறது, மதியம் ஃபைல் சர்வர் திறப்பதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. பயிற்சியில் இதெல்லாம் சொல்லித்தருவார்களா, சார்?

நல்ல பயிற்றுநர் கண்டிப்பாகச் சொல்லித்தருவார். நான் முதலில் பார்ப்பது அந்தக் கணினிகளில் இரண்டாவது டிஎன்எஸ் முகவரி என்ன என்பதை. உள்ளே இருக்கும் டொமைன் கண்ட்ரோலர் முதலாவது, கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 இரண்டாவது என்று யாரோ போட்டிருப்பார்கள். "முதலாவதுக்குத் தெரியாவிட்டால் இரண்டாவதைக் கேட்கும்" என்ற நம்பிக்கையில் செய்வது அது. கணினி அப்படி நடந்துகொள்வதில்லை. முதலாவது பதிலே தராமல் தாமதித்தால்தான் இரண்டாவதுக்குப் போகும். போனபின் கொஞ்ச நேரம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உங்கள் அலுவலக ஃபைல் சர்வரின் பெயர் கூகுளின் டிஎன்எஸ்சுக்கு எப்படித் தெரியும்? "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று அது உறுதியாகப் பதில் சொல்லிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் மீண்டும் முதலாவதிலிருந்து தொடங்கும், அதனால் சரியானதுபோலத் தெரியும். டொமைனில் உள்ள கணினிகளுக்கு உள் டிஎன்எஸ் மட்டுமே கொடுங்கள். வெளிப் பெயர்களை அந்த சர்வரே கேட்டுச் சொல்லட்டும்.

அது காரணம் இல்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். டொமைன் லாகின் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் நடக்கிறது. கணினிக்கும் டொமைன் கண்ட்ரோலருக்கும் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் அனுமதி மறுக்கப்படும். டொமைன் கண்ட்ரோலர் வெர்ச்சுவல் மெஷினாக இருந்தால், அது எங்கிருந்து நேரம் எடுக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அடியில் இருக்கும் ஹோஸ்ட்டின் (உண்மையான மெஷின்) கடிகாரம் தவறாக இருந்தால் அந்தத் தவறு டொமைன் முழுக்கப் பரவும்.

விண்டோஸா லினக்ஸா, எதை முதலில்?

உங்கள் அலுவலகத்தில் எது ஓடுகிறதோ அது.

வீட்டில் லேப் அமைக்க எவ்வளவு செலவாகும், அண்ணா?

16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் செலவே இல்லை. ரேம் போதவில்லை என்றால் சிம் லிம் ஸ்கொயர் பக்கம் போய்க் கூடுதல் ரேம் விலை கேளுங்கள். வெர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கும் வெர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 180 நாளுக்கு இலவசமாகத் தருகிறது. பயிற்சிக்கு அது தாராளம். உபுண்டுவோ ராக்கி லினக்ஸோ ஒன்றை அதன் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. லேப்பில் டிஹெச்சிபி போடும்போது நெட்வொர்க்கை "பிரிட்ஜ்" முறையில் விடாதீர்கள், "இன்டர்னல்" முறையில் வையுங்கள். இல்லையென்றால் வீட்டில் எல்லாருடைய கைப்பேசிக்கும் உங்கள் லேப் சர்வர் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும், வீட்டு இணையம் நின்றுபோகும். அலுவலக நெட்வொர்க்கில் இதைச் செய்தால் விளைவு இன்னும் மோசம். லேப்டாப்பைக் கொண்டுபோய் அங்கே இணைக்கவே வேண்டாம்.

எம்சிஎஸ்ஈ எடுக்கச் சொல்கிறார் என் மாமா. அவர் காலத்தில் அதற்கு நல்ல மதிப்பாம்.

மாமா சொல்வது அவர் காலத்துக்குச் சரி. ஆனால் எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்ஈ இரண்டு சான்றிதழ்களையும் மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இன்னும் அந்தப் பெயரில் யாராவது கோர்ஸ் விற்றால் விலகிப்போங்கள். சான்றிதழ் வேண்டும் என்றால் என் விருப்பம் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ. அந்தத் தேர்வில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கேள்வியே கிடையாது. உண்மையான மெஷினைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். மெஷினை ரீபூட் செய்தபின்னும் நீங்கள் செய்தது நிலைத்திருக்க வேண்டும். நெட்வொர்க் பக்கம் ஆர்வம் என்றால் சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ்.

குழந்தைகளுக்காக வேலையை விட்டேன். முன்பு சென்டோஸ் லினக்ஸில் வேலை பார்த்தவள். இப்போது திரும்ப முடியுமா? எல்லாம் மாறியிருக்குமே.

மாறியிருக்கிறது, ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை, தங்கச்சி. சென்டோஸ் 8 ஐ 2021 முடிவிலும், சென்டோஸ் 7 ஐ 2024 ஜூன் 30இலும் நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் வந்துவிட்டன. இரண்டும் ரெட் ஹேட்டை ஒட்டியே போவதால் உங்கள் கை மறக்காது. சிஸ்டம்டி (சேவைகளை இயக்குவது), ஃபயர்வால்டி (நெட்வொர்க் தடுப்பு), எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு) மூன்றையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். எஸ்இலினக்ஸ் தொந்தரவு செய்கிறது என்று அணைத்துவிடும் பழைய பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். இப்போது நேர்காணலிலேயே கேட்கிறார்கள்.

இன்னும் சென்டோஸ் 7 ஓடும் இடங்கள் உண்டு. அதிலிருந்து வெளியே வர அந்தப் பழைய சிஸ்டத்தை அறிந்தவர் தேவை. உங்கள் அனுபவத்தை சுயவிவரத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

வெளியிலிருந்து மென்பொருள் வெண்டர் வர வேண்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறோம். போர்ட் எண்ணை மாற்றிவிட்டோம். போதுமா?

போதாது. இன்றைக்கே மூடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் (சேவையின் நுழைவாயில்) எண்ணான 3389 ஐ வேறு எண்ணாக மாற்றினாலும், எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கும் கருவிகளுக்கு அது தடையே இல்லை. வெண்டருக்கு விபிஎன் (மறைகுறியாக்கிய தனி இணைப்பு), இரண்டாம் கட்ட அடையாளச் சரிபார்ப்பு, வேலை இருக்கும் நாளில் மட்டும் இயங்கும் தனிக் கணக்கு, இவற்றைக் கொடுங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2021 பிப்ரவரி 1 முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தாலோ, கசிவால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெருந்தீங்கு நேரக்கூடும் என்றாலோ தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று மதிப்பிட்டபின் 3 நாள்தான் அவகாசம். யாருடைய தகவல், எவ்வளவு என்று லாக் (பதிவு) இல்லாமல் எப்படிச் சொல்வீர்கள்? அதனால் லாக்குகளை அந்த சர்வரிலேயே வைக்காமல் வேறு மெஷினுக்கு அனுப்பும் வழியையும் பயிற்சியில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

என் ஆங்கிலம் சுமார்தான் அண்ணே. வகுப்பில் பயிற்றுநர் வேகமாகப் பேசினால் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும்.

கேளுங்கள். பணமும் நேரமும் உங்களுடையது. கூச்சம் தீராவிட்டால் இடைவேளையில் அவர் பக்கத்தில் போய், உங்கள் திரையைக் காட்டிக் கேளுங்கள்; திரையில் இருப்பதைக் காட்டிப் பேச ஆங்கிலம் அதிகம் வேண்டாம். குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுங்கள், கட்டளைகளை மட்டும் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள். பிழைச் செய்தி வந்தால் ஓகே அழுத்தி மூடாமல் கடைசிச் சொல் வரை படியுங்கள். ஆங்கிலம் சரளமாகப் பேசும் பலர் அதைப் படிப்பதில்லை. காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

அடுத்த வாரம் என் கோர்ஸ் முடிகிறது. திங்கட்கிழமை அலுவலகம் போனதும் முதலில் என்ன செய்யட்டும்?

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் எதையும் மாற்றாதீர்கள். படிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கு ஒன்று கேளுங்கள். எந்த சர்வர், என்ன வேலை, எந்தப் பதிப்பு, ஆதரவு எப்போது முடிகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2க்கு ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. 2016க்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள். பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் மேலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

பிறகு நேற்றைய பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை வேறு ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். திறந்தால் எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துவையுங்கள். திறக்காவிட்டால் மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகு.