லோக்கல் சேனலைத் தூக்கிவிட்டார்கள்: வழக்கு போடலாமா?

பதினோரு வருடமாக ஊரில் லோக்கல் சேனல் நடத்தும் வாசகர் எழுதியிருக்கிறார். எம்.எஸ்.ஓ. (பல சேனல்களைத் திரட்டிக் கேபிளில் தரும் நெட்வொர்க்காரர்) ஒருநாள் இரவோடு இரவாகச் சேனலை எடுத்துவிட்டு, அதே நம்பரில் தன் மைத்துனரின் சேனலைப் போட்டுவிட்டாராம். ‘கேட்கும் சேனலைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 விதி இருக்கிறதே, கேஸ் போடலாமா?’ என்று கேட்கிறார்.

மைத்துனர், முறிந்துபோன நட்பு, தேரோட்டத்தை நேரலை செய்த பெருமை என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். செயற்கைக்கோள் வழியே சேனலை இறக்கி ஒளிபரப்பத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தரும் டவுன்லிங்க் அனுமதி பற்றி ஒரு வரி இல்லை. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் நீங்கள் சொல்லும் 2017 விதி உங்களுக்கு உதவாது. அது அனுமதி பெற்ற ஒளிபரப்பாளருக்கானது. நிறுத்தும் முன் தர வேண்டிய மூன்று வார நோட்டீஸும் அப்படியே. சட்டத்தின் கண்ணில் உங்களுடையது எம்.எஸ்.ஓ.வின் ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’, அதாவது அவர் தன் நெட்வொர்க்கில் மட்டும் காட்டும் சொந்தச் சேனல். சேனல் அவருடையது, நீங்கள் நிகழ்ச்சி செய்து கொடுத்தவர். உங்கள் இருவருக்கும் இடையே காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் உரிமை.

எனக்குப் பயம் வேறு இடத்தில். இதே நிலையில் வந்த ஒருவர், நான் சொல்லியும் கேட்காமல் வேறு வக்கீலை வைத்து வழக்குப் போட்டார். நஷ்டத்தைக் காட்ட ஒரு மாத நிகழ்ச்சிப் பட்டியலை மனுவோடு இணைத்தார். அதில் தினமும் இரவு படம், பகலெல்லாம் பாட்டு. எதற்கும் உரிமம் கிடையாது. பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. எதிர்த்தரப்பு அந்தப் பட்டியலை நகலெடுத்து அந்தப் படங்கள், பாட்டுகளின் உரிமையாளர்களுக்கு அனுப்பியது. அப்புறம் அவர் வழக்கை நடத்தவில்லை, வழக்குதான் அவரை நடத்தியது.

நீங்களும் அப்படி மாட்டிக்கொள்ளலாம். பக்கத்து ஊரில் வேறொரு எம்.எஸ்.ஓ.விலும் இதே நிகழ்ச்சிகள் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அமைச்சகத்தின் 2022 நவம்பர் வழிகாட்டு நெறிகளின்படி பிளாட்ஃபார்ம் நிகழ்ச்சி ஒரு நெட்வொர்க்குக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். இதைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், உங்கள் எம்.எஸ்.ஓ. நேரே கலெக்டரிடம் புகாரோடு போவார். தன் பேரிலும் அழுக்கு ஒட்டுமே என்று அவர் யோசிப்பார் என நம்பாதீர்கள். கோபத்தில் யாரும் யோசிப்பதில்லை.

சமாதானமாகப் போங்கள். டெபாசிட்டையும், முன்கூட்டிக் கட்டிய மாத வாடகையையும் கேளுங்கள். முடிந்தால் மாலையில் இரண்டு மணி நேர ஒளிபரப்பை எழுத்து ஒப்பந்தத்தில் வாங்குங்கள். ஆனால் டெபாசிட் ரசீது ‘எங்கோ கிடக்கும்’ என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைத் தேடுங்கள்.