ஒரே கணினியில் இரண்டு இன்டிசைன்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் அழைப்பிதழ் அச்சகம் நடத்துகிறேன். பழைய கோப்புகளுக்காக, அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பை வைத்துக்கொண்டே, புதிய பதிப்பையும் அதே கணினியில் நிறுவலாமா?

பதில்: தாராளமாக நிறுவலாம். ஒவ்வொரு பதிப்பும் தனிக் கோப்புறையில் அமர்ந்து, தன் அமைப்புகளையும் தனியே வைத்துக்கொள்வதால், ஒன்று மற்றொன்றைத் தொந்தரவு செய்யாது. ஆனால், அடோபி மென்பொருள்களை நிறுவ உதவும் கிரியேட்டிவ் கிளவுட் செயலி வழியாக நிறுவும்போது, முந்தைய பதிப்புகளை நீக்கும் தேர்வு ஏற்கெனவே குறியிடப்பட்டிருக்கக்கூடும். அந்தக் குறியை எடுத்துவிட்ட பின்னரே தொடருங்கள்.

உண்மையான சிக்கல் கோப்புகளில்தான் இருக்கிறது. 2012இல் வெளிவந்த சிஎஸ்6, புதிய பதிப்பில் சேமித்த கோப்பை நேரடியாகத் திறக்காது. புதிய பதிப்பிலிருந்து, பழைய பதிப்புகளும் படிக்கக்கூடிய ஐடிஎம்எல் (IDML) வடிவில் ஏற்றுமதி செய்தால் திறக்கும் என்றாலும், வரிகள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால், முகூர்த்த நேரமும் மண்டப முகவரியும் உள்ள வரிகளையாவது (அச்சான பிறகு திருத்த முடியாதவை அவைதாமே!) மறுபடி படித்துப் பாருங்கள். பழைய கோப்பின் நகலொன்றைத் தொடாமல் வைத்திருப்பது அதைவிடப் பாதுகாப்பானது.

கோப்பை இருமுறை சொடுக்கினால் எந்தப் பதிப்பு திறக்கும் என்பது விண்டோஸ் அமைப்பைப் பொறுத்தது. எனவே தேவையான பதிப்பை முதலில் இயக்கி, அதற்குள்ளிருந்தே கோப்பைத் திறந்துகொள்ளுங்கள்.