சென்னையில் கோல்ஃப் ஆடிப் பழகியவர் ஸ்காட்லாந்தின் லிங்க்ஸ் மைதானத்தில் எப்படி ஆட வேண்டும்?

அடுத்த மாதம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போவதாகச் சொல்லி, அங்கே எப்படி ஆடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: கடல் பக்கத்தில் இருந்தாலே லிங்க்ஸ் ஆகிவிடாது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே மணல்மேடும் குட்டைப் புல்லுமாகக் கிடக்கும் நிலம்தான் லிங்க்ஸ். மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். தரை இறுகலாக இருக்கும்.

சென்னையில் நம் நந்தனம் மைதானத்தில் பந்தை உயரத் தூக்கி, விழுந்த இடத்தில் நிறுத்தப் பழகியிருப்போம். அங்கே அது எடுபடாது. விழுந்த பந்து உருண்டுகொண்டே போகும். அதனால் கிரீனுக்கு (குழியைச் சுற்றி வழவழப்பாக வெட்டிய புல்தரை) முன்னாலேயே இறக்கி, உருள விடுங்கள். கிரீனுக்கு வெளியே பல கஜம் தள்ளி இருந்தாலும் பந்தை உருட்டும் மட்டையான பட்டரைத் தயங்காமல் எடுங்கள்.

காற்றுதான் பெரிய விஷயம். எதிர்க்காற்றில் ஓங்கி அடித்தால் பந்து சுழற்சி கூடி மேலே எழும்பி, தூரம் போகாமல் விழும். ஏழாம் அயர்ன் மட்டையால் அடிக்கும் இடத்தில், பந்தைத் தாழ்வாக, இன்னும் தூரம் அனுப்பும் ஐந்தாம் அயர்னை எடுத்து, பந்தைப் பின்காலுக்குச் சற்று நெருக்கி வைத்து, பாதி வீச்சில் மெதுவாக அடியுங்கள். இதைச் சென்னையிலேயே, கடல்காற்று ஏறும் பிற்பகலில் பழகலாம்.

செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானமான ஓல்டு கோர்ஸில் 112 பங்கர்கள் (மணல் பள்ளங்கள்). சில கிணறு மாதிரி ஆழம். பந்து அதில் விழுந்தால், குழியைக் காட்டும் கொடியை நோக்கி அடிக்கப் பார்க்காதீர்கள். பந்து பக்கவாட்டிலோ பின்பக்கமோ வெளியே வந்தால் போதும். 1764-இல் ஒரு சுற்றுக்கு 18 குழி என்ற கணக்கு உருவானதே இந்த ஓல்டு கோர்ஸில்தான். முடிந்தால், மட்டைகளைச் சுமந்து வந்து யோசனை சொல்லும் கேடி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்லும் திசையை நம்பி அடியுங்கள்.