கொரியர் வராத ஊருக்கு யார் பொறுப்பு? தபால் கேள்வி பதில்

மதுரை மாவட்டத் துணை அஞ்சலகங்களில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தபாலில் தனியார் போட்டி பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

சுங்குடி வியாபாரி, மதுரை: சார், கொரியர்ல லெட்டர் அனுப்புறது சட்டப்படி தப்புன்னு சொல்வாங்களே, இப்பவும் அப்படியா?

இப்போது தப்பில்லை. 1898 இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கடிதம் கொண்டுபோகும் உரிமையை அரசுக்கு மட்டுமே தந்திருந்தது. அதனால்தான் கொரியர் ரசீதில் ‘டாக்குமெண்ட்’ என்று போடுவார்கள். 2024 ஜூன் 18-இல் அமலுக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. தபால்தலை வெளியிடும் உரிமை மட்டும் துறையிடமே இருக்கிறது.

கல்லூரி மாணவர், நாகமலை: போனுக்கு டிராய் இருக்கே, தபாலுக்கு யார் சார்?

யாருமில்லை தம்பி. எனக்கு இதுதான் பெரிய மனக்குறை. போன் கம்பெனிகளைக் கண்காணிக்க 1997-இல் டிராய் என்ற ஆணையம் வந்தது. தபாலிலோ சேவை நடத்துவதும் அரசுத் துறை, விதி போடுவதும் அதே துறை. கொரியர் தொழிலைக் கண்காணிக்கத் தனி ஆணையம் கிடையாது. ஐரோப்பாவில் 1997-இலேயே தபால் நடத்துபவரும் கண்காணிப்பவரும் வேறாக இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். அதன்பிறகே படிப்படியாகச் சந்தையைத் திறந்தார்கள். பிரிட்டனில் ஆஃப்காம் என்ற ஆணையம், போட்டியாளரை நசுக்கும் விதமாகக் கட்டணத்தை மாற்ற முயன்றதற்காக 2018-இல் ராயல் மெயிலுக்கு 5 கோடி பவுண்டு அபராதம் போட்டது. நம்மிடம் கதவைத் திறந்துவிட்டோம், காவலுக்கு ஆள் போடவில்லை.

விவசாயி, சேடபட்டி பக்கம்: கொரியர் பையன் ஊருக்குள்ள வரமாட்டேங்கிறான். உசிலம்பட்டிக்கு வந்து வாங்கிக்கங்கன்னு போன் பண்றான். எங்க ஊர் கிளை ஆபீஸையும் மூடிருவாங்களா ஐயா?

அந்தப் பையனைக் குறை சொல்லமாட்டேன். ஒரு கவருக்காக அவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தால் அவனுக்குக் கட்டாது. ஆனால் தபால்காரர் வந்தாகவேண்டும்.

துணை அஞ்சலகத்தில் இருந்தபோது கிளை ஆபீஸ் பையை நானே கட்டுவேன். சில நாள் உள்ளே ஒரு இன்லேண்டும் ஒரு மணியார்டரும்தான் கிடக்கும். அதற்கும் ஸ்லிப் எழுதி, பணத்தை எண்ணி வைத்து, வாயைச் சணலால் இறுக்கி அரக்கு வைப்போம். பையில் கனமே இருக்காது. ஆனாலும் ஒருநாள் விடமாட்டோம்.

அந்தச் செலவை நகரத்து வருமானம்தான் தாங்கியது. அரசரடியில் ஒரே தெருவில் கட்டுக்கட்டாகக் கொடுப்பதற்கும் உங்கள் ஊருக்கு ஒரு கடிதம் கொண்டுவருவதற்கும் தபால்தலை விலை ஒன்றுதான். நகரத்து பார்சலைத் தனியார் எடுத்துக்கொண்டால் உங்கள் ஊர்ப் பைக்கு யார் பணம் தருவது? போட்டியாளர்களிடம் பங்கு வாங்கி நிதி சேர்க்கலாம், அல்லது அரசே மானியம் தரலாம். ஐரோப்பியச் சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

நாட்டில் 1.6 லட்சத்துக்கு மேல் அஞ்சலகங்கள், பத்தில் ஒன்பது கிராமத்தில். உடனே மூடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ‘இத்தனை கிலோமீட்டருக்குள் ஆபீஸ், வாரம் இத்தனை நாள் பட்டுவாடா’ என்று புதிய சட்டம் உங்களுக்கு எழுதித் தரவில்லை. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள்.

வக்கீல், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை: ரிஜிஸ்டர் தபால் போய்விட்டதே, நோட்டீஸை எதில் அனுப்புவது?

2025-இல் அது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டிலேயே ‘பதிவு’ வசதியைக் கேட்டு வாங்குங்கள். முகவரிக்காரர் அல்லது அவர் அனுமதித்தவர் கையில்தான் கொடுப்பார்கள். பட்டுவாடா விவரத்தை அன்றே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாய், மேலூர்: மகனோட சர்டிபிகேட்டைக் கொரியர்ல தொலைச்சுட்டாங்க. 100 ரூபாய்தான் தருவோம்ங்கிறாங்க.

ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள் அம்மா. கையெழுத்துப் போட்ட ரசீதில் இழப்பீட்டு வரம்பு இருந்தால் அது கட்டுப்படுத்தும் என்று 1996-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையெழுத்து வாங்காமல் பின்பக்கம் அச்சடித்து மட்டும் கொடுத்திருந்தால் வாதாட இடமுண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். தபால் துறைக்கும் புதிய அஞ்சலகச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து பெரிய பாதுகாப்பு தருகிறது. கண்காணிப்பு ஆணையம் இருந்தால் இருவருக்கும் பொதுவாக ஒரு நியாயமான தொகையை அதுவே வகுத்திருக்கும். இப்போதைக்கு, நகல் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

ஐ.டி. ஊழியர், மதுரை: டென்மார்க்கில் தபாலே நின்றுவிட்டதாமே?

அரசு நிறுவனம் கடிதப் பட்டுவாடாவை 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்தியது. 1624-இல் தொடங்கிய சேவை அது. கடிதத்தை இப்போது தனியார் கொண்டுபோகிறார். அங்கே அரசுக் கடிதமெல்லாம் மக்களுக்கு டிஜிட்டல் பெட்டியில் வந்துவிடுகிறது. சேடபட்டிப் பக்கம் மணியார்டருக்குத் திண்ணையில் காத்திருக்கும் பாட்டிக்கு அது எப்படிப் பொருந்தும், சொல்லுங்கள்.