கழுத்துக் கட்டிக்கு எந்த ஸ்கான் முதலில்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: 58 வயதான தாயாருக்கு இடது காறை எலும்புக்கு மேலே இரண்டு மாதமாக நோவில்லாத கட்டி, எக்ஸ்றேயில் நடுநெஞ்சின் நிழல் அகன்று தெரிந்ததால், கழுத்துக்கு அல்ட்ராசவுண்டும் நெஞ்சுக்குச் சி.ரி. ஸ்கானும் எழுதியிருக்கிறார்கள், வெளிநாட்டிலுள்ள தம்பியோ, காசு அனுப்புகிறேன், நேரே எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறார். தாயாருக்கு நீரிழிவு உண்டு. தோளில் செல் (எறிகணை) துண்டும் இருக்கிறது.

வைத்தியர் எழுதிய வரிசையே சரி. கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட், கட்டி நீர் நிறைந்ததா, தைரொயிட்டைச் சேர்ந்ததா, நெறியா (நிணநீர்க் கணுவா) என்று பிரித்துக் காட்டும். இயல்பான நெறி நீள்வட்டமாக, நடுவில் கொழுப்புத் தெரியும்படி இருக்கும். உருண்டு, அக்கொழுப்பும் மறைந்திருந்தால் ஐயப்பட வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியால் மாதிரியும் எடுக்கலாம் என்பதுதான் இதன் பெரும் பயன். ஏனெனில் காசநோய், லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய், வயிற்றிலோ நுரையீரலிலோ தொடங்கிய புற்றுநோய் ஆகிய மூன்றுமே இவ்விடத்து நெறியை வீங்கச் செய்யும். எந்த ஸ்கானும் தனித்து நின்று நோயை உறுதிப்படுத்தாது. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் தயவுசெய்து நாளைக் கடத்தாதீர்கள்.

நுரையீரலின் காற்றையும் எலும்பையும் அல்ட்ராசவுண்ட் ஊடுருவாது என்பதால் நெஞ்சுக்குச் சி.ரி. தேவைப்படுகிறது. அதற்கு நரம்பில் ஏற்றும் அயடீன் மருந்து, பழுதடைந்த சிறுநீரகத்தை மேலும் பாதிக்கலாம். சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வன்னியில், அதுவும் நீரிழிவு உள்ளவருக்கு, சிறுநீரகத்தின் செயற்பாட்டைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். நீரிழிவுக்கு மெற்ஃபோமின் குளிசை பாவித்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நிறுத்துவதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு வலிய காந்தம். உடலிலுள்ள இரும்புத் துண்டு அதனுள் அசையலாம், சூடேறலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகே இருந்தால் ஆபத்து அதிகம். போரில் காயப்பட்ட எவரும், ஆறிப்போன தழும்புதானே என்று விட்டுவிடாமல், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாயாரின் தோளை எக்ஸ்றே எடுத்துப் பார்க்காமல் அந்த அறைக்குள் அனுப்பக்கூடாது. தம்பியின் காசு யாழ்ப்பாணப் போக்குவரத்துக்கும் மாதிரிப் பரிசோதனைக்கும் உதவட்டும்.

முகமோ கழுத்தோ வீங்கினாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், ஸ்கான் திகதி வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.