இன்றைக்குக் கடுதாசி வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

முழங்கால் தேய்மானம். தரையில் உட்கார முடிவதில்லை. யோக வகுப்பில் “உங்களுக்கு இது சரிப்படாது” என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இனி யோகம் இல்லையா, ஆச்சி?
– வாசகர், திருப்பத்தூர்

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பதஞ்சலி எழுதிய யோக சூத்திரத்தின் 196 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. அவற்றில் முதலாவது, இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சம்மணம் போடச் சொல்லவில்லை. முகப்புத் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு முதுகை நிமிர்த்தி உட்காருங்கள், போதும். திருமூலரும் யோகத்தின் எட்டு அங்கங்களையும் பாடியவர்தான். ஆனால் எல்லோராலும் முடியும் என்று அவர் சொன்னவற்றில் ‘பிறர்க்கு இன்னுரை’யும் ஒன்று. அதற்கு முழங்கால் வேண்டாம்.

இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் ஆசனம், பிராணாயாமம் செய்கிறேன். மாமியாருக்கு வயது 84, நினைவு தப்பிவிட்டது. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கிறார். பதினோராவது தடவை கத்திவிடுகிறேன். பிறகு அடுப்படியில் நின்று அழுகிறேன். நான் செய்வது பொய் யோகமா?
– வாசகி, தேவகோட்டை

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், தாயி. எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் என் மாமியார் உட்கார்ந்திருந்த தூண் கண்முன்னே வந்துவிட்டது.

என் மாமனார் பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போனவர். அவருடைய கடுதாசிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர் என் மாமியார். மாமனார் ஊருக்குத் திரும்பி, இங்கேயே காலமாகி இருபது வருஷம் கழித்து, மாமியாருக்கு நினைவு பின்னால் போயிற்று. “ஏத்தா, பினாங்குக் கடுதாசி வந்துச்சா?” காலையில் கேட்பார். வளவு முற்றத்தில் வெயில் இறங்கும்போது கேட்பார். இலையில் சோறு போட்டால் கையை வைத்துக்கொண்டு கேட்பார்.

நான் உண்மை பேசுகிறவள் என்ற நினைப்பு எனக்கு. “அவுகதான் போயி இருபது வருஷமாச்சே” என்பேன். அந்த அம்மா அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். ஒரே நாளில் நான்கு தடவை அவரை விதவையாக்கியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

பதஞ்சலியின் முதல் பகுதியான சமாதி பாதத்தின் 33-ஆம் சூத்திரத்தை அதற்கு முன்பே மனப்பாடமாக வைத்திருந்தேன். சுகமாக இருப்பவரிடம் மைத்ரி என்கிற நட்பு, துக்கப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தவறு செய்பவரிடம் உபேட்சை என்கிற சமநிலை. இப்படிப் பழகினால் சித்தம் தெளியும் என்கிறது அது. எதிரில் இருப்பவர் திருந்துவார் என்று அதில் எங்கேயும் இல்லை. தெளிவது நம் சித்தம். நான் செய்த பிழை எது தெரியுமா? மாமியாரை ‘தவறு செய்பவர்’ வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அவர் வேண்டுமென்று கேட்பதாகவே எனக்குப் பட்டது. அவருடைய இடம் ‘துக்கப்படுபவர்’ வரிசை. ஆளை இடம் மாற்றி வைத்ததும் என் குரல் தானாக இறங்கியது.

அடுத்த சூத்திரம், 34, மூச்சைப் பற்றியது. மூச்சை வெளியே விட்டு நிறுத்துவதாலும் மனம் தெளியும் என்கிறது. கருணைக்கு அடுத்த வரியிலேயே மூச்சு வருவதை நான் பெரிய உதவியாக எடுத்துக்கொண்டேன். காலையில் பாயில் செய்கிற பிராணாயாமத்தில் ஒரே ஒரு சுற்றை மாமியாரின் கேள்விக்கென்று எடுத்து வைத்தேன். அவர் கேட்டதும் மூச்சை முழுக்க வெளியே விடுவேன், கணம் நிறுத்துவேன், பிறகுதான் வாயைத் திறப்பேன். நீங்களும் பதினோராவது தடவை வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் தடவையிலிருந்தே செய்யுங்கள்.

பதிலையும் மாற்றினேன். “இன்னைக்கு வரலை ஆத்தா.” இதில் பொய் எதுவும் இல்லை, அன்றைக்குக் கடுதாசி வரவில்லைதானே. யோகத்தின் முதல் அங்கமான யமத்தில் அகிம்சை முதலில், சத்தியம் அடுத்தது. உயிர்களை நோகடிக்கிற பேச்சு உண்மைபோலத் தோன்றினாலும் உண்மை ஆகாது என்று அந்த இடத்தில் வியாசர் உரை எழுதியிருக்கிறார். சில நாள் நானே, “வந்தா என்ன எழுதியிருப்பாக?” என்று கேட்பேன். அவர் சொல்லத் தொடங்குவார். கப்பல், தொழில் நடந்த கிட்டங்கி, அங்கே பெய்கிற மழை. அந்தக் குடும்பத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் நான் கேட்டிராத கதைகள்.

இன்னும் இரண்டு விஷயம். நினைவு மறதி ஒரு நோய், மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். அடுப்படியில் நின்று அழுகிற நீங்களும் துக்கப்படுபவர்தான், அந்த வரிசையில் உங்களுக்கும் இடம் உண்டு. வாரத்தில் ஒரு பொழுதாவது நாத்தனாரோ கணவரோ பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் கோயிலுக்குப் போங்கள், தூங்குங்கள். பொய் யோகம் என்று எழுதியிருக்கிறீர்களே, கத்திய பிறகு வலிக்கிறது என்றால் யோகம் வேலை செய்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

உபேட்சை என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதா? பொது வீட்டில் பங்காளி ஒருவர் மராமத்துக்குத் தன் பங்கைத் தருவதில்லை. இதையும் பொறுத்துப் போக வேண்டுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பணத்தை விடாதீர்கள். கேளுங்கள், எழுத்திலேயே கேளுங்கள். உபேட்சை என்ற சொல்லுக்குள் ‘பார்த்தல்’ இருக்கிறது. அருகிலிருந்து, கொதிக்காமல் பார்ப்பது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜென்மத்துக்கும் பேசாமல் இருப்பது நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது. அதற்குப் பெயர் வைராக்கியம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அது கட்டிப்போட்ட கோபமாகத்தான் தெரிகிறது.

எங்கள் வீட்டுக்கு நான்கு புள்ளி, அதாவது நான்கு பங்குக் குடும்பங்கள். ஓடு மாற்றியபோது ஒருவர் தரவில்லை. மழைக்கு வளவெல்லாம் ஒழுகி ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் நிற்கும்போது, அவர் பெயரைச் சொல்லாமல் நாங்கள் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை. அதை மட்டும் நிறுத்தினோம், இலைக்கு முன்னால் அவர் பேச்சு எடுப்பதில்லை என்று. மற்றபடி வருஷத்துக்கு ஒரு கடிதம், தொகையும் தேதியும் போட்டு. அவர் மகள் கல்யாணத்துக்குப் பொது வீட்டைத் திறந்தபோது, வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி ஊறவைத்தது நான்தான். மனசார ஊறவைத்தேன்.

ஓட்டுக் காசு இன்னும் வரவில்லை. நோட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது. இந்தக் கார்த்திகைக்கும் கடிதம் எழுதுவேன்.